ஒழுங்கைச் சுவரில் ஒரு சிவப்பு வாசல்

நகுலேஸ்வரியின் தையல் கடைக்கு முன்பக்கம் வெம்பிளிப் பெருந்தெரு, பக்கவாட்டில் ஒடுங்கிய ஒரு சந்து, அவள் சொல்லில் ஒழுங்கை. ஒழுங்கையின் மறுகோடியில் ஒரு பப். பப்புக்குள் கழிப்பறை இல்லாமல் இல்லை. ஆனாலும் வெள்ளி, சனி என்றால் அங்கிருந்து வெளியே வருகிற ஆண்களில் பாதிப் பேருக்கு நகுலேஸ்வரியின் சுவரைக் கண்டதும்தான் அவசரம் வரும். திங்கட்கிழமை கடை திறந்தால் புதுப்பட்டு மணக்க வேண்டிய இடத்தில் வேறொன்று மணக்கும். கல்யாணப் பெண்கள் பிளவுஸுக்கு அளவு கொடுத்துக்கொண்டே மூக்கைச் சுளிப்பார்கள்.

அவள் சும்மா இருக்கிறவள் அல்ல. நெதர்லாந்தில் கண்ணாடிக் கூடாரங்களுக்குள் நெடுங்காலம் பூ வெட்டிவிட்டு, லண்டனுக்கு வந்து, ஒற்றைத் தையல் மெஷினோடு தொடங்கிய கடை அது. சுவருக்காக முதலில் ஓர் அறிவித்தல் எழுதி ஒட்டினாள், மரியாதையாக. பிறகு இன்னொன்று, மரியாதை இல்லாமல். பிளீச் ஊற்றினாள். ஆள் அசைந்தால் எரிகிற லைற் பூட்டினாள். அது அவர்களுக்கு வசதியாகப் போய்விட்டது. கவுன்சிலுக்கு ரெலிபோன் எடுத்தாள். அவர்கள் ஒரு நம்பர் கொடுத்தார்கள். அந்த நம்பருக்கு எடுத்தால் அங்கிருந்தவர் இன்னொரு நம்பர் கொடுத்தார்.

“உதுக்கெல்லாம் ஒரே மருந்துதான் இருக்கு,” என்றார் ஞானேஸ்வரன், அவளுடைய கணவர். கல்யாண மண்டபங்களுக்கு மணவறை செய்து கொடுப்பது அவர் தொழில். “கொழும்பிலை சுவரிலை என்ன செய்யிறவங்கள்? ஒரு முருகன், ஒரு யேசு, ஒரு புத்தர், ஒரு பள்ளிவாசல். வரிசையா ஒட்டிவிட்டா ஒருத்தனும் கிட்ட வரான்.”

நகுலேஸ்வரி முருகனில் தொடங்குவோம் என்று நினைத்தாள். மயிலோடு சிரித்துக்கொண்டு நிற்கும் முருகன், நல்ல பளபளப்பான ஓடு. பசையைக் குழைத்துக்கொண்டு ஒழுங்கையில் குந்தியிருந்தபோது மேலே ஜன்னல் திறந்தது. கடைக்கு மேல் வீட்டில் குடியிருக்கும் வான்மதி எட்டிப் பார்த்தாள். ஈப்போவிலிருந்து படிக்க வந்து, இப்போது ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் நல்ல வேலையில் இருப்பவள். எதைப் பார்த்தாலும் அதில் என்ன ஆபத்து என்று யோசிப்பது அவளுக்கு வேலையாகவும் பழக்கமாகவும் ஆகிவிட்டது.

“என்னக்கா பண்றீங்க?”

“முருகனை ஒட்டப் போறன்.”

“அந்த இடத்திலயா? சாமி கும்பிடாத ஆளு எவனாச்சும் வந்தா என்னக்கா ஆகும்?”

நகுலேஸ்வரியின் கை அப்படியே நின்றது. அவள் அதை யோசிக்கவில்லை. முருகனைப் பார்த்தாள். அவர் எதுவும் தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தார். சால்வை நுனியால் ஓட்டைத் துடைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். “என்ரை கரைச்சலுக்கு அவரை ஏன் அங்கை கொண்டுபோய் நிப்பாட்டுவான்,” என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டாள்.

இதையெல்லாம் பக்கத்துக் கடை வாசலிலிருந்து சியேகோ பார்த்துக்கொண்டிருந்தாள். ஜப்பான்காரி. சோற்றை முக்கோணமாகப் பிடித்து, உள்ளே மீனோ ஊறுகாயோ வைத்து, கடற்பாசித் தாளில் சுற்றி விற்கிற சின்னக் கடை அவளுடையது. கடை போட்ட புதிதில், தையல் மெஷினுக்குப் பின்னால் இருந்துகொண்டு நகுலேஸ்வரி ரெலிபோனில் “ஓம்... ஓம்... ஓமோம்” என்று சொல்வதைக் கேட்டு, இந்தப் பெண் நாள் முழுக்க ஜெபம் செய்கிறாள் என்றே நினைத்திருந்தாள். அது வாடிக்கையாளருக்குச் சொல்லும் ஆமாம் என்று தெரிந்தபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தன் அப்பாவின் கோயில் வாசலில் இரண்டு கல் நாய்கள் இருந்தன என்றாள். பாதி நாய், பாதி சிங்கம். ஒன்று வாயைத் திறந்து ‘அ’ என்னும், மற்றது வாயை மூடி ‘ம்’ என்னும். எல்லாவற்றின் தொடக்கமும் முடிவும் அந்த இரண்டு வாய்க்குள் அடக்கம். “நீங்கள் இரண்டு நாயின் வேலையையும் தனியாகச் செய்கிறீர்கள்,” என்றாள். அன்றிலிருந்து சிநேகம்.

இருவரும் பேசுவது இங்கிலிஷில்தான். ஆனால் நகுலேஸ்வரி எந்த மொழி பேசினாலும் அது யாழ்ப்பாணத் தமிழ் போலவேதான் ஒலிக்கும். அதனால் அப்படியே எழுதிவிடலாம்.

“கடவுளை ஏன் நிற்க வைக்கிறீர்கள்?” என்று கேட்டாள் சியேகோ. “வாசலை மட்டும் வையுங்கள்.”

“என்ன வாசல்?”

சியேகோ ஒரு பில் தாளின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினாள். இரண்டு தூண், மேலே இரண்டு குறுக்குச் சட்டம். கதவு இல்லை, சுவர் இல்லை. ஜப்பானில் ஒவ்வொரு கோயிலுக்கும் முன்னால் நிற்பது. தோரீ என்று பெயர். அதற்கு இந்தப் பக்கம் நம்முடைய ஊர். அந்தப் பக்கம் சாமியினுடையது.

“எங்கள் ஊரிலும் குடிகாரர்கள் உண்டு,” என்றாள். “அவர்கள் வருகிற சுவரில் இதைக் கை அளவுக்குச் சிவப்பில் வரைந்துவிடுவார்கள். அதைக் கண்டதும் வேறு இடம் பார்த்துப் போவான்.”

“அப்ப உள்ளுக்கு உங்கடை சாமி இருக்கோ?”

“இல்லை. யாரையும் அழைத்து வைக்கவில்லையே. வெறும் வாசல். பார்க்கிறவனுக்குக் கொஞ்சம் கூச்சம் வரும், அவ்வளவுதான்.”

சாமியும் அசிங்கப்படாது, சுவரும் தப்பும். நகுலேஸ்வரிக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. அன்று மாலையே அந்தத் தாளை ஞானேஸ்வரனிடம் கொடுத்தாள். அங்கேதான் பிசகியது. ஞானேஸ்வரனுக்குச் சின்னதாக எதுவும் செய்ய வராது. கை அளவு என்று சொல்லியனுப்பிய வாசல் அவருடைய வான் வண்டியில் வந்து இறங்கியபோது ஆளின் நெஞ்சு உயரம் இருந்தது. நல்ல பைன் மரம், உருட்டிய தூண்கள், குங்குமச் சிவப்பு. தூண் அடியில் பொன் நிறத்தில் தாமரை இதழ்கள்.

“தாமரை வேண்டாம்,” என்றாள் சியேகோ, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு.

“வெறுமனே கிடந்தாப் பாக்க வடிவில்லை.”

“வெறுமைதான் வடிவு.”

ஞானேஸ்வரன் மனவருத்தத்தோடு தாமரைக்கு மேல் கறுப்பு அடித்தார். ஆனால் பெயரில் விட்டுக்கொடுக்கவில்லை. “தோரீ எண்டால் தோரணம்தான். எங்கடை சொல்லுத்தான் கப்பலேறிப் போயிருக்கு.”

“அப்படிச் சொல்கிற அறிஞர்களும் இருக்கிறார்கள். பறவை வந்து உட்காரும் கொம்பு என்று அர்த்தம் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். என் அப்பா பறவைக் கட்சி.”

“கொப்பர் நல்ல மனுசன். ஆனா இதிலை பிழைவிட்டிட்டார்.”

அவருக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. ரெலிபோனில் பார்த்த படங்களில் வாசலுக்குக் குறுக்கே தடித்த வைக்கோல் கயிறு ஒன்று, அதில் மின்னல் மாதிரி மடித்த வெள்ளைக் கடதாசிகள் தொங்கின. அதையும் கட்டிவிடுவோமே என்றார். சியேகோவின் முகம் மாறியது.

“கயிறு கட்டக் கூடாது. உள்ளே சாமி இருக்கிறது, இந்த இடம் சுத்தம் செய்யப்பட்டது என்றால்தான் கயிறு. இல்லாத இடத்தில் கட்டினால் அது பொய்.”

அவள் அவ்வளவு அழுத்தமாக எதையும் சொன்னதை அவர்கள் கேட்டதில்லை. ஞானேஸ்வரன் கயிற்றை விட்டுவிட்டார். ஆனால் அவள் சோறு வைக்க உள்ளே போன நேரம் பார்த்து, வான் வண்டியிலிருந்த பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் ஒன்றைக் குறுக்கே கட்டிவிட்டார். திரும்பி வந்த சியேகோ அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். மாவிலைக்கு அவளுடைய ஊரில் அர்த்தம் எதுவும் இல்லாததால் மறுப்பதற்கும் ஒன்றும் இருக்கவில்லை.

வாசல் வேலை செய்தது. முதல் வாரமே சுவர் காய்ந்து கிடந்தது. பப்பிலிருந்து பாட்டுப் பாடிக்கொண்டு வருகிறவன் சிவப்பைக் கண்டதும் பாட்டை நிறுத்தி, பெல்ட்டில் வைத்த கையை எடுத்து, ஏதோ பெரிய மனிதர் முன் அகப்பட்டுக்கொண்டவன் போல் தலையைச் சொறிந்துகொண்டு போவான். நகுலேஸ்வரி ஜன்னலால் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தாள்.

இரண்டாம் வாரம் வாசலுக்குக் கீழே ஒரு தோடம்பழம் இருந்தது.

யாரோ தவறவிட்டது என்று நினைத்து எடுத்து உள்ளே வைத்தாள். அடுத்த நாள் செவ்வந்திப் பூக்கள். வழக்கமாக அந்த வழியால் பஸ்ஸுக்குப் போகிற குஜராத்தி அம்மா ஒருவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்று கும்பிட்டார். பிறகு மெழுகுதிரிகள், சின்னத் தகரக் கிண்ணங்களில் உள்ளவை. ஒரு ஆப்பிள். யாரோ ஒரு பிள்ளையின் முதற்பல், பஞ்சில் சுற்றி.

“இன்சூரன்ஸ் பார்வையில சொல்றேன்க்கா, மெழுகுவர்த்தி நல்லதுக்கு இல்ல,” என்றாள் வான்மதி. ஆனால் ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போகுமுன் அவளும் ஒழுங்கையில் கொஞ்சம் மெதுவாகத்தான் நடந்தாள்.

எல்லாவற்றுக்கும் மேலே பேரி. பப்பில் அம்பெறிந்து விளையாடும் டார்ட்ஸ் அணிக்குத் தலைவன், தொழிலில் பிளம்பர், பெரிய உடம்பு. ஒரு வியாழக்கிழமை ஆட்டத்துக்குப் போகும் வழியில் விளையாட்டாக வாசலுக்கு முன் நின்று, அம்பைக் காட்டித் தலை குனிந்துவிட்டுப் போனான். அந்த வருஷம் முழுக்கத் தோற்றுக்கொண்டிருந்த அணி அன்றைக்கு வென்றது. அடுத்த வியாழன் அணி முழுவதும் வந்து வரிசையில் நின்றது. அன்றும் வெற்றி. அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் எதிரணிக்காரரும் வரத் தொடங்கிவிட்டார்கள். முன்பு அந்தச் சுவரை நனைத்தவர்களில் பேரியும் ஒருவன் என்பது நகுலேஸ்வரிக்கு நன்றாகத் தெரியும். இப்போது அவன் ஒழுங்கையில் யாராவது சிகரெட் துண்டு போட்டால் அதட்டினான்.

நகுலேஸ்வரி இந்தக் கூத்தையெல்லாம் சியேகோவோடு சேர்ந்து பார்த்துச் சிரிக்க விரும்பினாள். ஆனால் சியேகோ ஒழுங்கைப் பக்கத்து ஜன்னலுக்குத் திரை போட்டுவிட்டாள். மத்தியானத் தேநீருக்கு வருவது நின்றது. கேட்டால் வேலை என்றாள். வாசலைக் கடந்து போகும்போது மறுபக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

நகுலேஸ்வரிக்கு இப்படியான விஷயங்களைச் சுற்றி வளைத்துக் கேட்கத் தெரியாது. ஒருநாள் கடையை மதியத்தோடு பூட்டிவிட்டு, பிளாஸ்கில் இஞ்சித் தேநீரோடு பக்கத்துக் கடைக்குப் போய்க் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

“என்னிலை கோவமோ?”

“இல்லை.”

“அப்ப இவரிலையோ? மாவிலையை நான் இப்பவே அறுத்தெறியிறன்.”

சியேகோ சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. கையிலிருந்த சோற்றைப் பிடித்து முடித்தாள், இன்னொன்றைத் தொடங்கினாள். பிறகு சொன்னாள்.

கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே அவள் அப்பா பூசகர், அவருக்கு முன் அவருடைய அப்பா. சியேகோ ஒரே பிள்ளை. பெண்களும் பூசகராகலாம், சின்ன வயதில் அப்பாவோடு நின்று எல்லாம் பழகியிருந்தாள். பிறகு லண்டன் வந்தாள். “நீ திரும்பி வா” என்று அப்பா ஒருமுறையும் கேட்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் அவர் போய்விட்டார். செத்த வீட்டுக்குப் போய் வந்தாள். ஊரில் மிஞ்சியிருந்தவர்கள் எல்லோரும் வயதானவர்கள். கோயிலை நடத்த ஆள் இல்லை. அடுத்த ஊர்ப் பூசகரைக் கூப்பிட்டு, சாமியிடம் மன்னிப்புக் கேட்டு, அடுத்த ஊர்க் கோயிலுக்கு எழுந்தருளச் செய்துவிட்டு, வாசலைக் கழற்றிவிட்டார்கள். அந்தச் சடங்குக்கு சியேகோ போகவில்லை.

“டிக்கெட் எடுத்தேன். பிறகு போகவில்லை. நான் போய் நின்றால் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள் என்று பயம்.” அவள் கையைக் கழுவித் துடைத்தாள். “அங்கே சாமி இருந்தது, ஆள் இல்லை. இங்கே ஆள் வருகிறது, சாமி இல்லை. அந்தக் குஜராத்தி அம்மா செருப்பைக் கழற்றும்போது எனக்கு ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது, அம்மா, வீட்டில் யாரும் இல்லை என்று.”

நகுலேஸ்வரி தேநீரை ஊற்றிக் கொடுத்தாள். ஆறுதல் சொல்லுவதில் அவள் கெட்டிக்காரி அல்ல. அதனால் நடந்த ஒன்றைச் சொன்னாள்.

“நாங்கள் ஒல்லாந்திலை இருந்த ஊரிலை கோயில் இல்லை. ஒரு ஸ்போர்ட்ஸ் ஹோலை வாடகைக்கு எடுக்கிறது. வெள்ளிக்கிழமை எங்களுக்கு, மற்ற நாள் பட்மின்டன். நிலத்திலை கோடெல்லாம் அப்பிடியே கிடக்கும். பட்மின்டன் நெற்றைக் கழட்டிப்போட்டு அந்த இடத்திலைதான் முருகனை வைக்கிறது. ஐயர் மந்திரம் சொல்லி, வாங்கோ எண்டு கூப்பிடுவார். பூசை முடிய, போட்டு வாங்கோ எண்டு அனுப்பிவிடுவார். பத்து மணிக்கு ஹோலைப் பூட்டித் திறப்பைத் திருப்பிக் குடுக்கவேணும். முருகன் அந்த அவசரத்திலைதான் வந்து போனவர். ஒருநாளும் வராமல் விடேல்லை.”

“எப்படித் தெரியும்?”

“எனக்குத் தெரியும்,” என்றாள் நகுலேஸ்வரி.

சியேகோ தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “எங்களுக்கும் அப்படி உண்டு,” என்றாள் மெதுவாக. “கோயில் இல்லாத இடத்தில் நான்கு மூங்கில் நட்டு, கயிறு கட்டி, நடுவில் ஒரு பசுங்கிளையை வைத்து அழைப்போம். வேலை முடிந்ததும் நன்றி சொல்லி அனுப்பிவிடுவோம்.”

“அப்ப பிறகென்ன?”

சியேகோ தேநீரைக் குடித்து முடித்தாள்.

டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம், நகுலேஸ்வரி துணி வெட்டிக்கொண்டிருந்தபோது பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது. வெளியே ஓடினாள். காற்றுக்கு ஒரு மெழுகுதிரிச் சுடர் நீண்டு தோரணத்தின் நுனியைப் பிடித்துவிட்டது. மாவிலைகள் ஒவ்வொன்றாகச் சுருண்டு, எரிந்துகொண்டே சொட்டின. தீ குறுக்குச் சட்டத்தில் ஏறியது.

“தண்ணி! ஆராவது தண்ணி கொண்டாங்கோ!” என்று தமிழிலேயே கத்தினாள்.

பப்பிலிருந்து வந்துகொண்டிருந்த பேரிக்கு அந்தச் சொல் விளங்கவில்லை, தீ விளங்கியது. கையிலிருந்த பெரிய கிளாஸ் பியரை அப்படியே வீசி ஊற்றினான். பின்னால் வந்தவர்களும் ஊற்றினார்கள். சீறிக்கொண்டு தீ அணைந்தது. கறுத்த சட்டத்திலிருந்து நுரை வழிந்தது.

எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். அப்போதுதான் பேரிக்கு உறைத்தது. வெறும் கிளாஸைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான். முகம் வெளிறிவிட்டது. “சாமிக்கு மேல் பியர் ஊற்றிவிட்டேன்,” என்றான். “அடுத்த ஆட்டம் அரையிறுதி.”

சத்தம் கேட்டு ஓடி வந்த சியேகோ நுரை வழியும் வாசலைப் பார்த்தாள், பேரியின் முகத்தைப் பார்த்தாள். அவளுடைய தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நகுலேஸ்வரி பயந்துபோய்க் கிட்ட போனாள். இல்லை, சிரிப்பு. கடைப் படியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வர, நிறுத்த முடியாமல் சிரித்தாள்.

“பயப்படாதே,” என்றாள் பேரியிடம். “எங்கள் சாமிக்கு முதலில் படைப்பதே அரிசியில் வடித்த மதுதான்.”

“இது பார்லியில் செய்தது.”

“தானியம்தானே. கோபிக்காது.”

பேரிக்கு உயிர் வந்தது. பிறகு, மெனக்கெட்டு யோசிக்கிற ஆள் அல்லாதவன், அன்றைக்கு யோசித்தான். “உன்னிடம் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். இவ்வளவு நாளும் நாங்கள் கும்பிட்டது யாரை?”

ஒழுங்கையில் எல்லோரும் சியேகோவைப் பார்த்தார்கள். அவள் பயந்தது இந்தப் பார்வைக்குத்தான். ஆனாலும் எழுந்து நின்றாள்.

“தெரியாது,” என்றாள். “நான் யாரையும் அழைக்கவில்லை. நீங்கள் எல்லோரும் வந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்ததில் யாராவது வந்திருந்தால், எனக்குத் தெரியாது.”

பேரி தலையை ஆட்டினான். அந்தப் பதில் அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

கட்டடச் சொந்தக்காரரின் ஆளுக்கு அது போதவில்லை. அடுத்த நாளே வந்து கருகிய சட்டத்தைப் படம் எடுத்தார். ஒழுங்கை தீ விபத்துக்கு வெளியேறும் வழி, புது வருஷம் பிறந்ததும் இது இங்கே நிற்கக் கூடாது என்றார். வான்மதி மேலேயிருந்து, “நியாயம்தான்க்கா, என்ன செய்ய,” என்றாள்.

கழற்றுவதற்கு ஞானேஸ்வரன் ஆயத்தமானபோது சியேகோ வந்தாள். “குப்பையில் போடாதீர்கள். கும்பிட்டதை எரித்துத்தான் அனுப்ப வேண்டும். ஜனவரி நடுவில், எங்கள் ஊரில் கோயில் முற்றத்தில் பெரிய நெருப்பு வைப்போம். புது வருஷத்துக் கயிறுகள், பழைய காப்புத் தாயத்துகள் எல்லாம் அதில் போடுவோம்.”

“ஜனவரி நடுவிலயா?” என்றாள் வான்மதி. “அது போகி லா! நாங்களும் அன்னிக்குத்தான் பழசை எரிப்போம். என் தோட்டத்துல வச்சுக்கலாம், குளிர்காலத்துல நெருப்பு வைக்க விடுவாங்க. ஆனா பெயின்ட் அடிச்ச கட்டைய எரிக்க முடியாது. புகை விஷம்.”

ஆகவே ஞானேஸ்வரன் வாசலைப் பட்டறைக்குக் கொண்டுபோனார். மெஷினால் சிவப்பை உரித்தார், தாமரையை மறைத்த கறுப்பை உரித்தார், அதற்குக் கீழே கிடந்த பொன்னையும் உரித்தார். கருகின இடத்தைச் செதுக்கி எடுத்தார்.

போகியன்று குளிர் காதைக் கடித்தது. வான்மதிக்குக் கவுன்சில் கொடுத்த காய்கறித் தோட்டத் துண்டில், அவளுடைய காய்ந்த அவரைக் கொடிகளுக்கு நடுவில், ஞானேஸ்வரன் வாசலை இறக்கி நிமிர்த்தினார். வெறும் மரம். நரம்புகள் தெரிய, இளமஞ்சள் நிறத்தில், மழை மேகத்துக்குக் கீழே நின்றது. சியேகோ கையிலிருந்த பையைக் கீழே வைக்க மறந்து நின்றாள்.

“அப்பாவுடையது இப்படித்தான் இருக்கும்,” என்றாள். “அதற்கு ஒருநாளும் வர்ணம் அடித்ததில்லை.”

ஞானேஸ்வரன் தூணில் ஒட்டியிருந்த மரத்தூளைக் கையால் தட்டிவிட்டார்.

அவள் கயிறு திரிக்க வேண்டும் என்றாள். இந்த முறை அவளே கேட்டாள். ஸ்ட்ரோபெரிச் செடிகளுக்குப் போர்த்த வான்மதி வாங்கிவைத்த வைக்கோல் இருந்தது. ஞானேஸ்வரன் உற்சாகமாகத் தொடையில் வைத்துத் திரித்தார். “மறுபக்கம்,” என்றாள் சியேகோ. “சாமிக் கயிறு இடப்பக்கமாக முறுக்க வேண்டும்.” அவர் முணுமுணுத்துக்கொண்டே அவிழ்த்துத் திரும்பத் திரித்தார். நகுலேஸ்வரி தையல் கத்தரிக்கோலால் வெள்ளைத் தாளை வெட்டி மடித்தாள். மின்னல் மடிப்பு முதல் இரண்டு தரம் கோணலாகப் போயிற்று, மூன்றாந்தரம் சரி வந்தது. பேரி டார்ட்ஸ் அணியில் ஒருவனோடு வந்து ஒரு மூலையில் நின்றான். அரையிறுதியில் தோற்றிருந்தார்கள். அதைப் பற்றி அவன் குறை சொல்லவில்லை.

கயிற்றைக் கட்டியதும் சியேகோ எல்லோரையும் ஓரமாக வரச் சொன்னாள். வாசலுக்கு நடுப்பகுதி சாமி நடக்கிற வழி, மனிதர் ஓரத்தால்தான் போக வேண்டும். பிறகு அரிசி, உப்பு, தண்ணீர், ஒரு சின்னக் கிண்ணம் மது ஆகியவற்றை வைத்து முன்னால் நின்றாள். இரண்டு தரம் குனிந்தாள். இரண்டு தரம் கை தட்டினாள். குளிர்ந்த வெளியில் அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்டது. ஜப்பானிய மொழியில், இராகம் போல் நீளமாக, ஏதோ சொன்னாள். முதலில் குரல் தடுமாறியது, பிறகு நிலைத்தது. நகுலேஸ்வரிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் நடுவில் ஓரிடத்தில் அழைப்பதும், ஓரிடத்தில் மன்னிப்புக் கேட்பதும், கடைசியில் வழியனுப்புவதும் விளங்கியது. அவளுடைய கைகள் தன்பாட்டில் குவிந்துவிட்டன.

சியேகோ கடைசியாக ஒருதரம் குனிந்தாள். அப்படியே நெடுநேரம் நின்றாள். நிமிர்ந்தபோது முகம் நனைந்திருந்தது; ஆனால் அந்த முகத்தில் பாரம் இல்லை.

“இப்போது வைக்கலாம்,” என்றாள்.

பைன் மரம் சடசடவென்று பற்றியது. கயிறு ஒரு நொடியில் பொன் கம்பியாகி மறைந்தது. சியேகோ பையிலிருந்து வெள்ளை அரிசிக் கட்டிகளை எடுத்து, குச்சியில் குத்தி ஆளுக்கொன்று கொடுத்தாள். இந்த நெருப்பில் சுட்டுச் சாப்பிட்டால் வருஷம் முழுக்க நோய் வராதாம். கட்டி உப்பி, வெடித்து, உள்ளே பசையாக இழுபட்டது. ஞானேஸ்வரன் பெரிதாக ஒரு கடி கடித்தார். பிறகு வாயைத் திறக்க முடியாமல் கண்களை உருட்டினார்.

“கொஞ்சம் கொஞ்சமா கடியுங்கோ,” என்றாள் நகுலேஸ்வரி. “கட்டின பல்லு வந்திடும்.”

ஒழுங்கை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அடுத்த சனிக்கிழமை எங்கிருந்தோ வந்த ஒருவன் வெறும் சுவருக்கு முன் நின்று பெல்ட்டில் கை வைத்தான். பப் வாசலிலிருந்து பேரி போட்ட சத்தத்தில் அவன் பெருந்தெரு வரைக்கும் ஓடினான். எப்போதும் பேரி நிற்பான் என்று சொல்ல முடியாது. சில திங்கட்கிழமைகளில் இப்போதும் நகுலேஸ்வரி பிளீச் போத்தலை எடுக்க வேண்டித்தான் இருக்கிறது. குஜராத்தி அம்மா மட்டும் அந்த இடத்துக்கு வரும்போது இன்றைக்கும் கொஞ்சம் ஓரமாக விலகி நடக்கிறார்.

மார்ச்சில் ஒருநாள் சியேகோ தேநீருக்கு வந்தபோது, சித்திரை மாதம் கடையை இரண்டு வாரம் பூட்டப்போவதாகச் சொன்னாள். டிக்கெட் எடுத்தாயிற்று. அடுத்த ஊர்க் கோயிலில்தான் அவர்களுடைய சாமி இப்போது இருக்கிறது; போய்ப் பார்க்க வேண்டும், புது இடம் பழகிவிட்டதா என்று கேட்க வேண்டும்.

“இந்தமுறை போவீர்தானே?” என்றாள் நகுலேஸ்வரி.

“போவேன்.”

“தனியவோ?”

சியேகோ பதில் சொல்லுமுன், மூலையில் மணவறைக்குப் பட்டுத் துணி அளந்துகொண்டிருந்த ஞானேஸ்வரன் நிமிர்ந்தார்.

“பிள்ளை, அங்கை போய் வாசலுக்குக் கிட்ட நிண்டு, ஒரு அளவு நாடா பிடிச்சு, தூண் எவ்வளவு, சட்டம் எவ்வளவு எண்டு எனக்குச் சொல்ல ஏலுமோ?”

“ஏனப்பா உங்களுக்கு?” என்றாள் நகுலேஸ்வரி.

“சும்மா,” என்றார் அவர். “அறிஞ்சு வைக்கத்தான்.”

சியேகோ தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். “ஓம்,” என்றாள் அவருக்கு, சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில்.